அம்பத்தொண்ணு வெள்ளத்தோட கோடு

...இல்ல, நீயே சொல்லு, நான் கேட்டுக்குறேன். ஆறு எங்க இருக்கு? அதோ, அந்த மரவரிசைக்கு அந்தப் பக்கம். வீடு எங்க இருக்கு? இங்க. நடுவுல கரை இருக்கு, சோயா வயல் இருக்கு, ரயில் போற மேடு இருக்கு, ரோடு இருக்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெர்ஜில் கேம்ப்மேயர் இருக்கான். இத்தனையும் தாண்டித் தண்ணி வந்து என் அடுக்களை ஜன்னல எட்டிப் பாக்குமாம். வெள்ள மேப்பு போட்டவன் சொல்லுறான். ப்ராசர் ஆத்த அவன் வாழ்க்கையில ஒரு தடவையாவது பாத்திருப்பானா? பாத்திருந்தாலும் பாலத்து மேல கார்ல போறப்ப பாத்திருப்பான். அதுவும் போன்ல பேசிக்கிட்டே.

ஏம்மா, அந்த அளக்குற மிஷினோட முக்காலிய அங்க ஊனாத, தக்காளிச் செடி. இந்தப் பக்கம் வை. ஆங்... அங்கதான். நாய் ஒண்ணும் பண்ணாது. அது கொலைக்குறது உன்னயப் பாத்து இல்ல, கையில இருக்குற அந்த அளவுக் கம்பப் பாத்து. செகப்பும் வெள்ளையுமா எதப் பாத்தாலும் அதுக்குப் புடிக்காது. தபால்காரர் வண்டிய விட்டே எறங்குறதில்ல.

நீ கவுண்டி ஆபீஸ்ல புதுசா? நெனச்சேன். பழைய ஆளா இருந்தா டெல்பர்ட் ஓட்டிங் வீடுன்னு கேட்டதும் லீவு போட்டுருப்பான். அத்தன தடவ போன் பண்ணிருக்கேன் அங்க. திரும்ப வந்து அளங்க, திரும்ப வந்து அளங்கன்னு. அளந்தாத்தான மேப்ப மாத்த முடியும்? கடைசியில உன்னய அனுப்பிருக்காங்க. சின்னப் புள்ளைய அனுப்பினா கெழவன் கத்த மாட்டான்னு நெனச்சிருப்பாங்க. நான் கத்துறவன் இல்லம்மா. இது என் சாதாரணக் குரலு.

மேப்பப் பாத்தியா நீ? நீலக் கலரு. எங்க ரோடு முழுக்க நீலம். ஒருத்தன் வீடு பாக்கியில்ல. நீலத்துக்குள்ள வந்துட்டா வெள்ளம் வர்ற பகுதி. வெள்ளப் பகுதின்னா பேங்க்குல கடன் கேட்டா வெள்ள இன்சூரன்ஸ் எடுத்துட்டு வான்னு சொல்லுவான். இன்சூரன்ஸ்காரன்கிட்டப் போனா அவன் ஒரு தொகை சொல்லுறான் பாரு... அத நான் வாயால சொல்ல மாட்டேன். நாய் கேட்டாக்கூட மயக்கம் போடும்.

எனக்கு என்ன, நான் எதுக்குக் கடன் வாங்கப் போறேன்? வீடு எங்கப்பா கட்டினது. யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்ல. என் மக லோர்னாதான்... அவ செயின்ட் லூயிஸ்ல இருக்கா. அங்க வேலைய முடிச்சுட்டு இங்க வந்து இருக்கேன்னு சொல்லுறா. இந்த வீட்ட அவளே வாங்கி, கூரைய மாத்தி, குளியலறைய மாத்தி, எனக்கு மாடி ஏறாம இருக்க கீழயே ஒரு ரூம் கட்டுறாளாம். பேங்க்குல போய் உக்காந்தா, அவன் மேப்ப எடுத்துப் பாத்துட்டு, "நீலத்துல இருக்கே"ன்னுருக்கான். அவ்வளவுதான். இப்ப அங்கயே ஒரு அடுக்குமாடியில வீடு பாத்து வெச்சிருக்கா. வர்ற திங்கக்கெழமை பதில் சொல்லணுமாம் அவங்களுக்கு. "அப்பா, நீங்களும் இங்க வந்துருங்க"ன்னா. நான் எங்க போறது? அங்க மூணாவது மாடியில நாய எங்க விடுறது?

அதுக்காக ஒண்ணும் நான் உங்க ஆபீஸுக்கு போன் பண்ணல. வரட்டும், வராமப் போகட்டும், நான் தனியா இருந்து பழகிட்டேன். என் பொண்டாட்டி ஆர்டித் போனதுலேர்ந்து தனியாத்தான இருக்கேன். எனக்கு நியாயம்தான் முக்கியம். தப்புன்னா தப்பு.

என்ன? ...ஆமா, தொண்ணூத்தி மூணுல வந்துச்சு. வரலன்னு நான் சொன்னனா? பேஸ்மென்ட் நெறைஞ்சுச்சு. அடுக்களை தரைக்கு ஒரு சாண் கீழ வந்து நின்னுச்சு, பெறகு போயிருச்சு. அதுக்கு மேல ஏறல. அந்த வருஷம் மிசௌரி முழுக்கத்தான் முங்குச்சு, என் பேஸ்மென்ட் மட்டும் என்ன ஒசத்தியா?

அந்த இன்சூரன்ஸ் கூத்து தெரியுமா உனக்கு? தண்ணி கீழ் வயல்ல ஏறிருச்சு. கரைமேல மூட்டை அடுக்கிக்கிட்டு இருக்கோம். ஆர்டித் சொன்னா, போய் இன்சூரன்ஸ் எடுத்துட்டு வாங்கன்னு. சேத்து பூட்ஸோட போய் நின்னேன் ஏஜெண்ட்டு முன்னாடி. அவரு நல்ல மனுஷன், காப்பி குடுத்தாரு. பேப்பரெல்லாம் எழுதினாரு. கையெழுத்துப் போட்டேன். எல்லாம் முடிஞ்சப்பறம் சொல்லுறாரு, "டெல்பர்ட், இது முப்பது நாளு கழிச்சுத்தான் செல்லுபடி ஆகும்"னு. நான் சொன்னேன், சரி, நீங்க ஒரு தடவ ஆத்துப் பக்கம் வந்து அதுகிட்டயும் சொல்லிடுங்க, முப்பது நாளு பொறுத்துக்கச் சொல்லின்னு. சிரிக்கவே இல்ல மனுஷன். அவரு பூட்ஸும் மேசைக்குக் கீழ ஈரமாத்தான் இருந்துச்சு, பெறகுதான் பாத்தேன்.

பெறகு சில வருஷம் கட்டினேன். கட்டிக்கிட்டே இருக்கேன், ஒரு சொட்டுத் தண்ணி வரல. ஒரு வருஷம் பேஸ்மென்ட்ல கொஞ்சம் ஊறுச்சு, ப்ரீசர் போச்சு, உள்ள முழு மாட்டுக் கறி. போய்க் கேட்டா, பேஸ்மென்ட்ல இருக்குற கறிக்கு இன்சூரன்ஸ் கெடையாதாம். தண்ணி மொதல்ல எங்கம்மா வரும்? மாடியிலயா வரும்? அன்னிக்கே நிறுத்திட்டேன். தண்ணி வர்ற எடத்துக்கு இன்சூரன்ஸ் இல்ல, வராத வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும். நல்லா இருக்குல்ல?

பை சாப்பிடுறியா? ருபார்ப் தண்டு வெச்சு சுட்ட பை, இனிப்பு. நான் செஞ்சது இல்ல, சர்ச்சுல ஏலம் போட்டப்ப எடுத்தது. ...வேலை முடிஞ்சப்பறமா? சரி. அதுவும் சரிதான்.

இங்க வா, நீ அளக்க வேண்டியது இதுதான். கொட்டகை மூலைக் கம்பம். பாத்தியா கோட்ட? அம்பத்தொண்ணாம் வருஷ வெள்ளத்துல தண்ணி நின்ன ஒசரம், உளியால வெட்டினது. பக்கத்துல "51". எங்கப்பா ஆட்டோ ஓட்டிங் கையால வெட்டினாரு. தண்ணி வடியறதுக்கு முன்னாடியே, படகுல நின்னுக்கிட்டே வெட்டினாரு. வடிஞ்சப்பறம் வெட்டினா ஜனங்க நம்ப மாட்டாங்கன்னு. அவருக்கு ஜனங்களத் தெரியும்.

தொட்டுப் பாரு. பரவால்ல, தொடு. ஓக்கு மரம். அறுபது வருஷம் ஆச்சு, ஒரு விரிசல் இல்ல.

இந்தக் கவுண்டியில வந்த வெள்ளத்துலயே பெரிய வெள்ளம் அதுதான். தொண்ணூத்தி மூணு பெருசு, தொண்ணூத்தி மூணு பெருசுங்குறான் எல்லாப் பயலும். டீவியில காட்டினா பெருசு ஆயிருமா? தொண்ணூத்தி மூணுல தண்ணி எங்க நின்னுச்சுன்னு இந்தக் கொட்டகையிலயே இருக்கு, குனிஞ்சு பாரு. இந்தா, கீழ, காங்கிரீட்டுல, பழுப்பா ஒரு கறை. மரத்தக்கூடத் தொடல அது. எங்கப்பா கோடு எங்க இருக்கு, இது எங்க இருக்கு? என் நெஞ்சுக்கு ஒண்ணு, முட்டிக்கு ஒண்ணு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அத ஒத்துக்க மாட்டேங்குறான் பாரு, அவன். அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம், வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்து இங்கயே பாத்துக்கிட்டு இருக்கான் பாரு. திரும்பாத, திரும்பாத! நீ திரும்பினா கையாட்டுவான். அவன்தான் வெர்ஜில். அவன் பம்பு ரூம் கல்லுல அவங்கப்பன் ரெண்டு வெள்ளத்துக்கும் பெயிண்ட்டுல ஒவ்வொரு இழுப்பு இழுத்து வெச்சிருக்கான். அந்தக் கோட்டுப்படி பாத்தா அம்பத்தொண்ணு சின்னது, தொண்ணூத்தி மூணு பெருசாம். பெயிண்ட்டு! உளி எங்க, பெயிண்ட்டு எங்க!

அம்பத்தொண்ணுல என்ன நடந்துச்சுன்னு கேளு. எனக்கு ஏழு வயசு. ராத்திரியில கரை ஒடைஞ்சுச்சு. விடியறப்ப எங்கப்பா மீன் புடிக்கிற படக எடுத்துக்கிட்டு வெர்ஜில் வீட்டுக்குப் போனாரு. அவங்கம்மா, வெர்ஜிலு, அவன் தங்கச்சி, மூணு பேரையும் மாடி ஜன்னல் வழியா ஒவ்வொருத்தரா படகுல எறக்கிக் கொண்டாந்தாரு. மாடி ஜன்னல் வழியா! நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்குது, அந்தம்மா ஒரு பக்கம் அழுவுது, படகு ஆடுது. எங்கப்பா அத ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லுவாரு. கேட்டுக்கிட்டே இருக்கலாம்.

வெர்ஜில் என்ன சொல்லுறான் தெரியுமா? "தண்ணி எங்க வாசப்படியில மூணாவது படிக்கு வந்துச்சு. ஆட்டோ படகக் கொண்டாந்தாரு. நாங்க கால வெச்சு ஏறிக்கிட்டோம்." அவ்வளவுதான். கால வெச்சு ஏறினாங்களாம்! என்னமோ டவுன் பஸ்ஸு மாதிரி. தொண்ணூத்தி மூணுல வடிஞ்சப்பறம், காப்பிக் கடையில, பத்து பேரு முன்னாடி இத சொல்லுறான். நான் சொன்னேன், ஏய், உங்கம்மா உசுரு எங்கப்பா போட்ட பிச்சைடா, எங்க கொட்டகைக் கம்பத்துல கோடு இருக்கு, வந்து பாருன்னு. அவன் காப்பிய உறிஞ்சிக்கிட்டே, "உன் கொட்டகை நுனிக்கால்ல நிக்குது டெல்பர்ட்"ன்னான். கடை முழுக்க சிரிச்சுது.

நுனிக்கால்ல நிக்குதாம். அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னிக்கி வரைக்கும் எனக்கு வெளங்கல. நக்கலு. அன்னிக்கி நிறுத்தினேன் பேச்ச. சர்ச்சுல அவன் வலது பக்கம் உக்காந்தா நான் எடது பக்கம். தானியக் குடோன்ல அவன் லாரி முன்னாடி நின்னா நான் திரும்பி வீட்டுக்கு வந்து மறுநாள் போவேன். ஒரு வருஷம் அப்பிடியே மறுநாள் மறுநாளுன்னு வெலை எறங்கிப்போச்சு, அது வேற. ஆர்டித் சாவுக்கு வந்தான். பீன்ஸ் கேசரோல் கொண்டாந்து வெச்சுட்டுப் போனான். பாத்திரத்த நான் திருப்பிக் குடுக்கல. பரண்ல கெடக்கு. குடுக்கணும்னா ரோட்டக் கடக்கணும்ல.

என்ன கேட்ட? ...ஓ, மேப்புக்காரங்க. அவங்க ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்தாங்க. ரெண்டு பேரு. "பழைய வெள்ளத்தோட அடையாளம் ஏதாவது இருக்கா?"ன்னு வீடு வீடாக் கேட்டுக்கிட்டு வந்தாங்க. நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து இந்தக் கோட்டக் காட்டினேன். நல்லா அளந்துக்கங்கப்பா, இதவிட நம்பகமான கோடு ஆத்தோரம் முழுக்கத் தேடினாலும் கெடைக்காதுன்னேன். எலுமிச்சை ஜூஸ் குடுத்தேன். போட்டோ எடுத்தாங்க. என்னயக் கோட்டுப் பக்கத்துல நிக்க வெச்சு எடுத்தாங்க. நல்ல பசங்க. அப்பிடி அளந்துட்டுப் போனவங்க, மேப்பத் தப்பா போட்டாங்கன்னா என்ன அர்த்தம்? ஆபீஸ்ல எவனோ சொதப்பிட்டான். எங்கப்பா கோடு சரி. மேப்பு தப்பு. இந்த ரெண்டையும் நீ எழுதிக்க.

...ரெண்டும் எப்பிடி சரியா இருக்கும்னா? ஏன் இருக்காது? அம்பத்தொண்ணு அம்பத்தொண்ணுதான். அந்த மாதிரி தண்ணி இனிமே வராது. எங்கப்பா காலத்துல மனுஷனும் பெருசு, தண்ணியும் பெருசு.

பெறகு மீட்டிங் வெச்சாங்க, ஸ்கூல் ஜிம்முல. மேப்ப சுவத்துல மாட்டி. யாராவது பேசலாம்னாங்க. வெர்ஜில் எந்திரிச்சான். அவன் வருஷத்துக்கு ஒரு வாக்கியம்தான் பேசுவான், அத அன்னிக்கி எடுத்து வெச்சிருந்தான் போல. "டெல்பர்ட் கொட்டகைய..."ன்னு ஆரம்பிச்சான். நான் விடல. உக்காருடா, எங்கப்பா இல்லன்னா நீ இன்னிக்கி எந்திரிச்சு நிக்கவே முடியாதுன்னேன். உக்காந்துட்டான். அதுக்கப்பறம் யாரும் பேசல. மேப்பு அப்பிடியே பாஸாயிருச்சு. அவன் வீடும் நீலத்துலதான் இருக்கு. அனுபவிக்கட்டும்.

ஏம்மா, எதுக்கு அந்தக் காங்கிரீட்டத் தட்டுற? கெட்டியாத்தான் இருக்கும், நான் போட்டது. எப்பயா? அறுவத்தேழுல. என் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம். நல்ல கேள்வி கேட்ட போ. இதப் பத்தி இப்ப யாரும் கேக்குறதே இல்ல. அடிக்கட்டை உளுத்துப்போச்சு, ஈரம். வைக்கோலெல்லாம் பூசணம். கொட்டகையப் பிரிச்சுக் கட்டலாம்னாரு எங்கப்பா. நான் சொன்னேன், வேண்டாம்ப்பா, அப்பிடியே தூக்கிரலாம்னு. சிரிச்சாங்க எல்லாரும். ஸ்க்ரூ ஜாக்கி பன்னெண்டு வாடகைக்கு எடுத்தேன். ரயில்வே கட்டைய அடுக்கி அடுக்கி, ஜாக்கிக்கு ஒரு ஆள நிக்க வெச்சு, நான் நடுவுல விசிலோட. விசில் அடிச்சா எல்லாரும் கால் சுத்து சுத்தணும். ஒரே நேரத்துல. எவனாவது அரை சுத்து சுத்தினா கூரை முறுக்கிக்கும். கால் சுத்து... விசிலு... கால் சுத்து... விசிலு. சாயங்காலம் ஆர்டித் பெரிய பாத்திரத்துல பொரிச்ச கோழியோட வர்றா, கொட்டகை அந்தரத்துல நிக்குது! உள்ள கட்டியிருந்த பசுமாட்டக்கூட அவுக்கல. அசைபோட்டுக்கிட்டே மேல போச்சு. பெறகு அடியில காங்கிரீட்ட ஊத்தி, மெதுவா எறக்கி உக்கார வெச்சோம். ஒரு கண்ணாடி ஒடையல. எங்கப்பா தொப்பியக் கழட்டினாரு. அவரு சர்ச்சுக்கும் சாவுக்கும்தான் தொப்பியக் கழட்டுவாரு.

வெர்ஜில் பாக்கலம்மா அத! அதுதான் எனக்கு ஒரு கொறை. பட்டாளத்துல இருந்தான், ஜெர்மனியில. திரும்பி வந்தவன் வேலியில நின்னு பாத்துட்டு, "உன் கொட்டகை வளந்துருச்சே டெல்பர்ட்"ன்னான். அப்ப நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தோம்.

என்ன, நான் பாக்கணுமா? இந்த மிஷினுக்குள்ளயா? இரு, கண்ணாடிய மாத்திக்குறேன். ஒரு கண்ணுல பொரை வேற... ம். கம்பம் தெரியுது. கோடு தெரியுது. அடேயப்பா, பக்கத்துல இருக்குற மாதிரி இருக்கு. குறுக்கால முடி மாதிரி ஒரு கோடு... ஆங், அது எங்கப்பா கோட்டு மேல சரியா உக்காந்திருக்கு. சரி. இப்ப எதுக்குத் திருப்புற? ...ஒசரம் மாறாம அப்பிடியே வீட்டுப் பக்கம். புரியுது, புரியுது. தண்ணி மட்டமாத்தான நிக்கும். கொட்டகையில எந்த ஒசரமோ அதே ஒசரம்தான் வீட்டுலயும். அது எனக்குத் தெரியாதா. திருப்பு.

ம். என் வீடு. சுவரு பெயிண்ட்டு உரிஞ்சிருக்கு, லோர்னா சொன்னது சரிதான். ...அடுக்களை ஜன்னல். முடி மாதிரி கோடு எங்க... ஜன்னல் கட்டைக்கு மேல. கண்ணாடியில.

கண்ணாடியில போகுது.

இரு. அசைஞ்சிருச்சோ? நாய் இடிச்சிருக்கும். நீ மறுபடியும் கம்பத்துலேர்ந்து வை. ...வெச்சியா? ...கண்ணாடியிலதான் போகுது.

அது எப்பிடி? அம்பத்தொண்ணுல வீட்டுக்குள்ள தண்ணியே வரலயே! பேஸ்மென்ட்ல வந்துச்சு. அடுக்களையில எங்கம்மா நின்னு உருளைக்கிழங்கு வறுத்துக்கிட்டு இருந்தா. அத நானே பாத்தேன், யாரும் எனக்குச் சொல்லல. வெர்ஜில், அவன் தங்கச்சி, அவங்கம்மா எல்லாரும் எங்க அடுக்களையிலதான் உக்காந்து சாப்பிட்டாங்க. தரை காஞ்சு கெடந்துச்சு. வெர்ஜில் பூட்ஸக் கழட்டச் சொல்லி எங்கம்மா திட்டினா, தரைய நனைக்குறான்னு. இந்தக் கோடு சரின்னா எங்கம்மா இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டா வறுத்துருப்பா?

வீடு எறங்கிருக்கும். பழைய வீடு, எறங்கும்ல? ...ஆமா, கதவு ஜன்னலெல்லாம் நேராத்தான் இருக்கு. எறங்கிருந்தா கோணிருக்கும். சரி.

இப்ப எதுக்கு டேப்ப எடுக்குற? காங்கிரீட்ட எதுக்கும்மா அளக்குற? அது மூணடிக்கு மேல ஒரு சாண், நானே சொல்லுவேனே. கொட்டகைய அவ்வளவு ஒசரம்தான் தூக்கி...

...

கம்பமும் சேந்துதான் போச்சு, ஆமா. கம்பம் இல்லாம கொட்டகைய எப்பிடித் தூக்குறது.

...

நுனிக்கால்ல நிக்குதுன்னான்.

...

அம்மாடி, நீ அந்த மிஷின மடக்கு. மடக்கு, வெயில் ஏறிருச்சு. உள்ள வந்து பை சாப்பிடு. இதுல என்ன இருக்கு, மேப்பு ஒரு பேப்பரு. நீலமா இருந்தா நீலமா இருந்துட்டுப் போகுது, பாக்க லட்சணமாத்தான் இருக்கு. நீ ஆபீஸுல போய் சொல்லு, டெல்பர்ட் ஓட்டிங் மனசு மாறிட்டாருன்னு. கெழவன், அப்பிடித்தான்னு சொல்லு. இங்க கேட்ட எதையும் எழுத வேண்டாம். காங்கிரீட்டு ஒசரத்த எழுதிட்டியா? அத அழிச்சுடு.

லோர்னாவா? ...அவ இருந்துக்குவா. அங்க லிப்ட் இருக்காம். லிப்ட் இருக்குற வீடு, அப்பறம் என்ன? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுவா. இப்பவும் பண்ணுறா. கீழ எனக்கு ஒரு ரூம் கட்டுறேன்னு காகிதத்துல வரைஞ்செல்லாம் அனுப்பிருந்தா. கெழக்கு பாத்த ஜன்னல் வெச்சு. ஆர்டித்துக்கு அந்தப் பக்கம்தான் புடிக்கும்... சரி விடு. அது ஒரு படம்.

பாரும்மா, நீ சின்னப் புள்ள, உனக்குப் புரியாது. இந்தக் கோடு மூணடி கீழ எறங்கிருச்சுன்னா வெர்ஜில் வீட்டுலயும் எறங்கிரும். எங்க போய் நிக்கும்? மூணாவது படியில போய் நிக்கும். அப்ப அவங்கம்மா கால வெச்சுப் படகுல ஏறிருக்கும். எங்கப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்... நான் காப்பிக் கடையில பத்து பேரு முன்னாடி... ஜிம்முல ஊரு முன்னாடி அவன...

அவன் அன்னிக்கி "டெல்பர்ட் கொட்டகைய"ன்னு ஆரம்பிச்சான். மேப்புக்காரங்க தூக்கின கோட்டத்தான் அளந்துட்டுப் போயிருக்காங்க. அவன முடிக்க விட்டுருந்தா ரோட்டுல ஒரு வீடுகூட நீலத்துல இருந்திருக்காது.

அதனால நான் என்ன சொல்லுறேன்னா... ஏம்மா? ஏம்மா! எங்க போற? கம்ப எடுத்துக்கிட்டு எங்க... அந்தப் பக்கம் போகாத! அங்க ஒண்ணும் இல்ல, அது வெறும் பெயிண்ட்டு! அவன் எந்திரிச்சுட்டான் பாரு. கையாட்டுறான். நான்தான் சொன்னேன்ல, திரும்பினா கையாட்டுவான்னு! ரோட்டப் பாத்துக் கட, பால் லாரி வரும்!

பாரு நாயே, போயிட்டா. பை சாப்பிடுறேன்னு சொல்லிட்டுப் போயிட்டா. பம்பு ரூமுக்குத்தான் கூட்டிட்டுப் போறான். அவ கல்லுல இருக்குற கோட்டக் காட்டி என்னமோ கேக்குறா. அவன் குனிஞ்சு காதுல கை வெச்சுக் கேக்குறான். அவனுக்குக் காது கேக்குறதில்லன்னு சர்ச்சுல பேசிக்கிட்டாங்க, நெசந்தான் போல. இப்ப அவ இந்தக் கொட்டகையக் காட்டுறா. அவன் பாக்குறான்.

சிரிப்பான் இப்ப. சிரிக்கட்டும்.

...சிரிக்கல.

சும்மா நிக்குறான். தொப்பியக் கழட்டிட்டு நிக்குறான். எதுக்குக் கழட்டுறான்? வெயிலுக்கா?

...சரி. அவ வாயால அவன் கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லித் தொலைச்சிரலாம். ஏய்! வெர்ஜில்! ...ஏய், வெர்ஜில்! கொட்டகையத் தூக்கினது நாந்தான்! ...என்ன? ...கொட்டகைய! அறுவத்தேழுல! கோடும் சேந்து மேல போயிருச்சு! ...கேக்கலயா? ரோடு முழுக்கக் கேட்டுருச்சுடா, பக்கத்து ஷூமேக்கர் வீட்டுல திரைய வெலக்கிப் பாக்குறாங்க, உனக்கு மட்டும் கேக்கலயா? காதுல மிஷின மாட்டுடா கெழட்டுப்பயலே! ...உன் கோடுதான்! உன் கோடுதான் சரின்னு சொல்லுறேன்! பெயிண்ட்டு! ...ஒரு தடவதான் சொல்லுவேன், திரும்பச் சொல்ல மாட்டேன்!

...அடச்சே. காதுக்கு மறுபடியும் கைய வெக்குறான்.

இரு! அங்கயே இரு, நானே வரேன்! உன் கேசரோல் பாத்திரம் வேற இங்க கெடக்கு, பரண்லேர்ந்து எடுத்தாறேன், இரு. அந்தப் பொண்ணப் போக விடாத, நான் வந்து என் வாயால சொன்னதத்தான் எழுதிக்கணும், திங்கக்கெழமைக்குள்ள மேப்பு மாறணும்!

ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிட்டேன், வெர்ஜில்! எங்கப்பா உங்கம்மாவ ஜன்னல் வழியாத்தான் எறக்கினாரு! தண்ணி எங்க வேணாலும் நின்னுட்டுப் போகுது, ஜன்னல் வழியாத்தான்! அதுல மாத்தம் கெடையாது!